அதிரச டப்பாவில் ஒரு கரித்துண்டு

நான் இதுவரை எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுக்கு லீவு லெட்டரும்தான். பத்தாவதோடு படிப்பு நின்றவள். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் புத்தகம் படிக்கிறவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து தன் கதையைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகாரப் பார்சல் எனக்குக் கொடுத்த பயத்தை நேரில் யாரிடமும் முழுசாகச் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறது.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நானும் என் வீட்டுக்காரரும் கரிமூட்டம் போடுகிறவர்கள். வேலிக்கருவை மண்டிக் கிடக்கிற காட்டைப் பேசி எடுத்து, வெட்டி, கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மூடித் தீ வைப்போம். அது உள்ளுக்குள்ளேயே புகைந்து வெந்து கரியாகும். பிறகு பிரித்து, ஆறவிட்டு, மூட்டை கட்டி லோடு ஏற்றுவோம். எங்கள் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்கு மிளகாய் பறித்தவர்கள். எங்கள் மகள் நர்ஸுக்குப் படித்து, அந்த ஊர்ப் பாஷையும் படித்து, இப்போது ஜெர்மனியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஒரே பிள்ளை.

வேலை கிடைத்த அளவுக்கு அவளுக்கு வீடு கிடைக்கவில்லை. முதலில் இருந்த இடத்தில், அவள் கடுகு தாளித்தால் வாடை வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் காலி பண்ண வைத்தார்கள். அடுத்த இடத்திலும் அதே கதை. கடைசியில் ஒரு வயசான அம்மா, புருஷனை இழந்து தனியாக இருக்கிறவர், தன் வீட்டு மாடியில் ஓர் அறை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம்.

“நல்லவுகம்மா,” என்று மகள் போனில் சொன்னாள். “ஆனா பயங்கர சுத்தம். ஒரு கரண்டி எடம் மாறுனாலும் கண்டுபுடிச்சிருவாக. இந்த ரூமும் போச்சுன்னா எனக்கு வேற எடம் கெடையாது, பாத்துக்க.”

நான் அங்கே போய்க் கரண்டியை இடம் மாற்றப் போகிறேனா என்ன. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரம்மாவை நினைத்தாலே எனக்கு ஒரு பயம். வீடியோ காலில் அவர் தலை தெரிந்தால் நான் என் வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். இவர்தான் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுச் சமாளிப்பார்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த அம்மா எங்களுக்கு ஒரு பார்சல் அனுப்பினார். தன் வீட்டில் தங்கியிருக்கிற பிள்ளையின் தாய் தகப்பனுக்குப் பண்டிகைப் பலகாரம் அனுப்ப வேண்டும் என்று அவராகவே நினைத்து அனுப்பியது. பனி விழுகிற ஊரின் படம் போட்ட சிவப்புத் தகர டப்பா. உள்ளே கிராம்பும் பட்டையும் மணக்கிற மெத்தென்ற பிஸ்கட், பாதாமை அரைத்து உருட்டியது, அப்புறம் வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு கறுப்பு ரொட்டி. பிஸ்கட்டும் பாதாம் உருண்டையும் தெருவில் பாதிப் பேருக்குப் போய்ச் சேர்ந்தன. ரொட்டிதான் சிக்கல். செங்கல் மாதிரி கனம். பிரித்ததும் புளித்த வாடை வந்தது.

என் வீட்டுக்காரரின் அக்கா அடுத்த வீடுதான். நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர் மோந்து பார்த்துவிட்டு, “கப்பல்ல வரும்போதே ஊசிப் போச்சு போல. தின்னுத் தொலைச்சிராதீக,” என்றார். நாங்கள் நம்பி, அதை ஆடுகளுக்குப் போட்டுவிட்டோம். அந்த ரொட்டியே அப்படித்தான், புளித்த மாவில் செய்வது என்று மகள் சொன்னபோது ஆடுகள் அதை அசைபோட்டு முடித்திருந்தன. “அவுககிட்ட மட்டும் சொல்லிராதீக,” என்றாள் மகள்.

பலகாரம் வந்த பாத்திரத்தை எங்கள் பக்கம் யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெறுமனேயும் திருப்பித் தர மாட்டார்கள். எதையாவது போட்டுத்தான் கொடுப்போம். டப்பாவைத் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றதும் மகள் சிரித்தாள். “அம்மா, அது ஒனக்குக் குடுத்ததும்மா. டப்பாவோடதான் குடுப்பாக.” எனக்கு மனசு ஒப்பவில்லை. தை பிறந்ததும் அதிரசம் சுட்டு அதே டப்பாவில் அனுப்புவது என்று முடிவு பண்ணினேன். பாலும் நெய்யும் கலந்தது எதுவும் அந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்று மகள் சொல்லியிருந்ததால் கடலை எண்ணெயிலேயே சுட்டேன். கூடவே எள்ளுருண்டை, டவுனில் வாங்கிய காராச்சேவு.

அதிரசம் சுடுவதற்கு முன்னால் நான் பட்ட பாடு கைகளோடுதான். கரி வேலை செய்கிற கை எப்போதும் கறுப்பாகத்தான் இருக்கும். ரேகைக்குள் போய்விடும், நகத்துக்குள் போய்விடும். மூட்டத்துப் பக்கமே போகாமல், புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, விரல் நுனி வெளுக்கிற வரைக்கும் கழுவினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “ஒன்னையப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீ இப்படித் தேய்க்கல,” என்றார்.

இனிமேல் சொல்ல வேண்டியதுதான் சொல்லக் கூச்சமாக இருப்பது. எங்கள் ஊரில் கறிக்குழம்போ எண்ணெய்ப் பலகாரமோ வீட்டை விட்டு வெளியே போனால் அதன் மேல் ஒரு கரித்துண்டு வைப்போம். சிலர் இரும்பு ஆணி வைப்பார்கள், சிலர் வேப்பிலை. காட்டு வழியில் போகும்போது அந்த வாசனைக்குப் பேய் பிசாசு பின்னால் வரும் என்பார்கள். கரி இருந்தால் அண்டாது. நான் இதை நம்புகிறேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. சாப்பாடு கொண்டு போகிற தூக்குவாளியை மூடுவதற்கு முன்னால் கை தானாகக் கரியைத் தேடும். எங்கள் வீட்டில் கரிக்குப் பஞ்சமும் இல்லை.

மகள் முதல் தடவை கிளம்பியபோது மதுரை ஏர்போர்ட்டில் அவள் பையில் பருப்புப்பொடிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு துண்டு வைத்திருந்தேன். அவள் கண்டுபிடித்து எடுத்து என் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். “பேய் வந்து புடிக்க நான் என்ன பலகாரமா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கரியைக் கையில் பொத்திக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன்.

பார்சல் அனுப்பப் போன அன்றைக்கும் வயர்கூடையில் டப்பாவுக்கு மேலே ஒரு கரித்துண்டு கிடந்தது. ஊரிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் பலகாரம் போகிறதே, அந்த வழிக்காக. கூரியர் கடையில் இருந்த தம்பி டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“எலை, வெதை, ஊறுகா, மாத்திரை ஏதும் இருக்காம்மா?”

“இல்ல தம்பி.”

“திங்கிற பொருள் மட்டும்தான?”

“ஆமா.”

ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அவர் டேப்பை எடுக்கத் திரும்பினார். நான் டப்பாவை மூடினேன். அவர் சுற்றிச் சுற்றி ஒட்டி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து, அதையும் ஒட்டினார். பெரிய வேலை முடிந்த நிம்மதியில் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் நீட்டிய இலவச டிக்கெட்டை வாங்கியபோது, என் விரல் பட்ட இடத்தில் கறுப்பாக ஒரு ரேகை விழுந்தது. தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைத்திருந்த விரல். மடியில் இருந்த வயர்கூடைக்குள் கையை விட்டுத் துழாவினேன். கரித்துண்டு இல்லை. மூடியைப் போடும்போது கை அதன் பாட்டுக்கு எடுத்து உள்ளே வைத்திருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர் பஸ் பிடித்துத் திரும்பப் போனேன். கடையில் அந்தத் தம்பி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?”

“அந்தப் பார்சலு…”

“அது மதுரை வண்டியில போயிருச்சே. ஏன், எதையும் வைக்க மறந்துட்டீகளா?”

“இல்ல. வச்சுட்டேன்.”

“என்னத்த?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கிற பொருள் மட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே அதிகாரிகள் பிரித்துப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? அவர்கள் விட்டுவிட்டாலும், ஒரு கரண்டி இடம் மாறினால் கண்டுபிடிக்கிற அம்மா பலகாரத்தின் மேல் கரியைப் பார்த்தால்? அழுக்கு என்று நினைக்கலாம். செய்வினை என்று நினைக்கலாம். அல்லது அதுவும் ஒரு பலகாரம் என்று நினைத்துக் கடித்து, பல் போனால்? எல்லா யோசனையும் சுற்றிச் சுற்றி அந்த மாடி அறையில்தான் போய் நின்றது. மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கிற மாதிரியே எனக்குத் தோன்றியது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, “ஆயிரம் மூட்டை கரி நம்ம லோடு ஏத்தி அனுப்பிருக்கோம். ஒத்தத் துண்டு போனதுக்கா இப்படி மொகத்தத் தூக்கி வச்சிருக்க?” என்றார். அப்புறம் சும்மா இருக்கக்கூடாதா? “ஒருவேளை வெடிமருந்துன்னு புடிச்சு வச்சாலும் வைப்பாங்கெ,” என்று சேர்த்தார்.

மதினி ஆறுதல் சொல்ல வந்தார். “பேயி பிசாசுக்குப் பயந்து கரி வச்சது போயி, இப்ப கரிக்குப் பயந்து நிக்கிறியேத்தா.”

பார்சல் எங்கே போகிறது என்று போனில் பார்க்கலாம். இவர் காலையில் எழுந்ததும் பார்ப்பார். மதுரை தாண்டியது, சென்னை தாண்டியது, கடல் தாண்டியது. அந்த நாட்டுச் சுங்கத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது. எப்போது கேட்டாலும், “அங்ஙனயேதான் நிக்கிது,” என்பார். காட்டில் மூட்டத்துக்கு மண் அணைத்துக்கொண்டிருக்கும்போதும் எனக்கு அதுவே ஓடியது. ஓர் இடத்தில் மண் விட்டுப்போய்ப் புகைக்குப் பதில் தீ எழும்பி, கட்டைகள் கொஞ்சம் சாம்பலாய்ப் போயின. இவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்தான். வந்ததும் அந்த அம்மா பார்ப்பதற்கு முன்னால் அவளே எடுத்துப் போட்டுவிடுவாள். ஒவ்வொரு தடவை பேசும்போதும் சொல்ல வாயெடுப்பேன். உள்ளங்கையில் அவள் கரியைத் திருப்பி வைத்தது ஞாபகம் வரும். சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டுப் போனை இவரிடம் கொடுத்துவிடுவேன்.

பார்சல் அங்கே போய்ச் சேர்ந்தது எங்களுக்கு ஒரு சாயங்காலம்தான் தெரிந்தது. இவர் மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார், மதினி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மகள் வீடியோவில் வந்தாள். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருக்கிறாள். பார்சலைக் காலையிலேயே வீட்டுக்காரம்மா வாங்கிப் பிரித்துவிட்டாராம்.

“அதிரசம் அவுகளுக்கு ரொம்பப் புடிச்சிருச்சாம்மா. ரெண்டு சாப்ட்டாச்சு. காராச்சேவுதான் கண்ணுல தண்ணி வர வச்சிருச்சு. ஒன்கிட்டப் பேசணும்ங்காக. இரு, காப்பி போட்டுட்டு வாரேன்.”

போனை மேசையில் எதிலோ சாய்த்து வைத்துவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பினாள். திரையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். கட்டையாக வெட்டிய வெள்ளை முடி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற கண்ணாடி. எங்களைப் பார்த்துக் கும்பிட்டார், மகள் சொல்லிக் கொடுத்திருப்பாள். இவர் பதிலுக்குக் கும்பிட்டார். நான் வழக்கம்போல இவர் முதுகுக்குப் பின்னால் போனேன். போனாலும் கண் அந்த மேசையில்தான் இருந்தது.

மேசையில் ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன் மேல் என் கரித்துண்டு. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர்.

அந்த அம்மா தன் வயிற்றைத் தொட்டுக்காட்டி ஏதோ சொன்னார். சிரித்தார். கரண்டியை எடுத்து, கரியின் ஒரு மூலையை அழுத்தி நொறுக்கினார். அந்தத் தூளை வழித்து டம்ளரில் போட்டுக் கலக்கினார். தண்ணீர் கறுத்தது. இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மகள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா டம்ளரைத் தூக்கினார்.

“வேண்டாம்,” என்றேன்.

இவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, திரைக்கு நேராக இரண்டு கையையும் ஆட்டினேன். “வேண்டாம், வேண்டாம். ஏத்தா, அவுகளத் தடு. அந்தக் கரியக் குடிக்கப் போறாக.”

மகள் திரும்பினாள். டம்ளர் பாதி வழியில் நின்றது. அந்த அம்மா என்னையே பார்த்தார். அத்தனை நாளில் அவர் என் முகத்தை முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“கரியா? அம்மா, இத நீயா வச்ச?”

“நான் வைக்கல. கை வச்சிருச்சு.”

மகள் அந்த அம்மாவிடம் என்னவோ கேட்டாள், அவர் சொன்னார். மகள் எங்கள் பக்கம் குனிந்தாள். “இந்த ஊர்ல வயிறு சரியில்லன்னா கரி மாத்திரைதான் குடுப்பாக. காராச்சேவு தின்னு வயிறு எரிஞ்சா குடிக்கிறதுக்குத்தான் நீ இத அனுப்பிருக்கன்னு நெனச்சிட்டாக. எம்புட்டு யோசனையா அனுப்பிருக்காகன்னு காலையில இருந்து சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்காகளாம்.”

மதினி கீரை உருவுவதை நிறுத்தினார்.

“என்னம்மா சொல்லட்டும்? வயித்துக்குத்தான்னே விட்டுரவா? அதுதான் நல்லாவும் இருக்கு. கொஞ்சத்த மட்டும் குடிச்சா ஒண்ணும் ஆகாது.”

அது எனக்கும் எட்டாத யோசனை இல்லை. அப்படியே விட்டிருந்தால் நான் ஒரு விவரமான மனுஷியாக அந்த வீட்டில் இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கரி எங்கே வெந்தது என்று எனக்குத் தெரியும். ஆடு புழுக்கை போட்ட காட்டு மண்ணை அள்ளி மூடியது. அந்தக் கட்டையில் பூச்சிமருந்து பட்டிருந்ததோ என்னவோ. அதை ஒரு வயசான மனுஷியின் வயிற்றுக்குள் அனுப்பிவிட்டு நான் எப்படித் தூங்குவது?

“வேண்டாம்த்தா. அது அடுப்புக்கரி. வயித்துக்குள்ள போகக்கூடாது. எதுக்கு வச்சதுன்னு உள்ளதச் சொல்லிரு.”

“பேயிக்குன்னா?”

“ஆமா.”

மகள் என்னை முறைத்தாள். அப்புறம் டம்ளரை அந்த அம்மா கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். ரொம்ப நேரம் சொன்னாள். எனக்குப் புரிந்ததெல்லாம் அவள் கை மட்டும்தான். தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பது போலக் காட்டினாள். பின்னால் யாரோ வருவது போலக் காட்டினாள். மூடி போடுவதைக் காட்டினாள். அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரித்துண்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

மகள் தயங்கினாள். “அவுக அனுப்புன டப்பாவுல இந்த மாதிரி எதுவும் வைக்கலியாம். அது நல்லபடியா வந்து சேந்துச்சா, வழியில ஒண்ணும் ஆகலையேன்னு கேக்காக. ரொட்டியெல்லாம் நல்லா இருந்துச்சாங்காக.”

“நல்லா வந்துச்சு,” என்றார் இவர், கேள்வி முடிவதற்கு முன்னாலேயே. “ஒண்ணும் ஆகல. நல்லா வந்துச்சுன்னு சொல்லு.”

“ஆடே செரிச்சுருச்சு,” என்றார் மதினி, கீரைக்குள்ளிருந்து.

“அத்த என்ன சொல்றாக?”

“ஒண்ணுஞ் சொல்லல. நீ சொல்லு.”

மகள் சொன்னாள். அந்த அம்மா தலையை அசைத்துவிட்டு, எழுந்து, டப்பாவைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டே மகளிடம் ஏதோ சொல்லத் தொடங்கினார். அந்த இடத்தில் படம் அப்படியே நின்றது. டவர் போய்விட்டது. அவர் வாய் பாதி திறந்தபடி, டப்பா ஒரு கையில். அப்புறம் அதுவும் போய்விட்டது.

இவர் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார், ரோட்டுப் பக்கம் போனார். கிடைக்கவில்லை. அந்த அம்மா டப்பாவை எதற்கு எடுத்தார்? குப்பையில் கொட்டவா, திருப்பி அனுப்பவா? மகளைப் பார்த்து என்ன சொன்னார்? நான் வாயை மூடிக்கொண்டு இவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கலாமோ என்று ஒரு நேரம் தோன்றும். அந்தக் கறுப்புத் தண்ணீர் ஞாபகம் வந்ததும் இல்லை என்று தோன்றும். மதினி கீரையை ஆய்ந்து முடித்து, “இனி நீ நெனச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல. சோத்தப் போடு,” என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போனார். சோற்றைப் போட்டேன். நான் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மகள் பேசினாள். அந்த அம்மா அறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மிச்ச அதிரசத்தை டப்பாவில் அடுக்கி, கரித்துண்டை மேலே வைத்து மூடினாராம். அவள் டூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். நானும் இவரும் காட்டுக்குப் போய் மூட்டத்தைப் பிரித்தோம். மதியத்துக்கு மேல் லோடு ஏறியது.